மஞ்சுளா எழுதாத மறுப்புக் கடிதம்

தண்டலம் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் மஞ்சுளா, அங்குள்ள என்.சி.சி. மாணவிகளுக்கு அதிகாரியும்கூட. ராணுவப் படைப்பிரிவோடு இரண்டு வாரம் தங்கிப் பயிற்சி பெற மூன்று வருடமாக விண்ணப்பித்துக்கொண்டிருந்தாள். அன்று காலையில் என்.சி.சி. பட்டாலியன் அலுவலகத்து ஹவில்தார் போன் செய்தார்.

"இடம் கெடச்சும் விருப்பமில்லன்னு எழுதிக் குடுத்துட்டீங்களே மேடம், இன்னா ஆச்சு?"

அவள் எதையும் எழுதவில்லை. அப்படி ஒரு கடிதம் கல்லூரி வழியாகத்தான் போயிருக்க முடியும். நேராக முதல்வர் ராஜசேகரின் அறைக்குப் போய், அதன் நகல் இருந்த கோப்பைக் கேட்டு வாங்கினாள். கடிதத்தின் அடியில் அவளுடையதைப் போலவே ஒரு கையெழுத்து இருந்தது.

"இத யார் போட்டது சார்?"

"கிளார்க் போட்டிருப்பாரு. ஒரகடம் கம்பெனிங்க நம்ம பசங்கள வேலைக்கு எடுக்க வர்ற நேரம்மா, நீங்க இங்க இருக்கணும். கைக்குழந்தைய வுட்டுட்டு நீங்க எதுக்குத் துப்பாக்கி தூக்கணும்?"

மஞ்சுளாவுக்குக் காது மடல் கொதித்தது. "கொழந்தைய என் வூட்டுக்காரர் பாத்துப்பாரு. என் கையெழுத்த நான்தான் போடணும்."

அவர் எதிரிலேயே கடிதத்தைப் படமெடுத்து, கையெழுத்து தன்னுடையதல்ல என்று எழுதி, பட்டாலியன் தளபதிக்கு அனுப்பினாள்.

மாலையில் பதில் வந்தது. அந்த இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. கல்லூரியிடம் விளக்கம் கேட்கிறார்களாம். மறுநாள் கிளார்க் வந்து, புகாரை வாபஸ் வாங்கும்படி முதல்வர் கேட்பதாகச் சொன்னார். முடியாது என்று சொல்லியனுப்பினாள். அப்போதும் அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை.