பேசாத மென்பொருள்

அக்காவின் பிழைப்பே கண்ணில்தான் இருந்தது. மற்றவர்கள் எழுதித் தரும் இசையைக் கணினியில் ஏற்றி, அச்சுக்குப் பக்கம் அமைத்துக் கொடுப்பது அவள் தொழில். ஸ்வரக் குறிகளை இணைக்கும் ஒரு வளைகோடு மயிரிழை சாய்ந்து குறியின் தலையில் இடித்துவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்காது. வீட்டுச் சுவரில் மாட்டிய படங்களை நேராக்கிக்கொண்டேதான் நடப்பாள். அவளோடு ஒரே வீட்டில் இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

தம்பிக்கு அந்தத் தொல்லை இல்லை. நோய் வந்து பார்வை போய் அவனுக்கு வெகு காலமாகியிருந்தது. படம் நேராக இருந்தாலென்ன, கோணலாக இருந்தாலென்ன! பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, ஒரு பழைய மென்பொருளில் சேர்ந்திசைக் குழுக்களுக்குப் பாட்டு எழுதுவான். விசையைத் தட்டினால் எந்த ஸ்வரம், எத்தனாவது கட்டம் என்று அது தகரக் குரலில் சொல்லும். அந்தக் குரலுக்கு 'டீச்சரம்மா' என்று பெயர் வைத்திருந்தான். தப்பாகப் போடுவான், அழிப்பான், அதைவிடத் தப்பாகப் போடுவான், மறுபடி அழிப்பான். திடீரென்று உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வரும். அப்படியென்றால் பாட்டு பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம்.

அவன் பாட்டுகளைப் புத்தகமாகப் போட ஒரு பதிப்பகம் முன்வந்தது. இத்தனை வயதுக்கு மேல் அவனுக்கு வரப்போகும் முதல் புத்தகம். அக்கா தரையில் நடக்கவில்லை. ஆனால் பதிப்பாசிரியர், தம்பியின் மென்பொருளில் எடுத்த மாதிரிப் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போனில் கூப்பிட்டார்.

"பாட்டெல்லாம் அருமைங்க. ஆனா பக்கத்தை இப்படியே அச்சுக்கு அனுப்ப முடியாது. பாட்டு வரியில 'கொ'ங்கற எழுத்தோட கொம்பு ஒரு ஸ்வரத்துக்குக் கீழ நிக்குது, கால் அடுத்த ஸ்வரத்துக்குப் போயிடுச்சு. பாடறவங்க என்னன்னு படிப்பாங்க? வேற சாஃப்ட்வேர் பாருங்களேன்."

சொல்ல வேண்டியதில்லை, அக்காவுக்கே அந்தப் பக்கத்தைப் பார்த்தால் கண் கூசியது. தன் கணினியில் மூன்று மென்பொருள்களைச் சோதனைக்கு இறக்கினாள். தம்பியின் பாட்டு ஒன்றை மூன்றிலும் அடித்து, பக்கங்களை மேசையில் பரப்பி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒப்பிட்டாள். எழுத்து உடைகிறதா, வளைகோடு இடிக்கிறதா, பக்கம் புரட்டும் இடத்தில் பாடுகிறவருக்கு மூச்சுவிட நேரம் இருக்கிறதா என்று ஒன்று விடாமல் சலித்தாள். சத்தம் கவனத்தைக் கலைக்கும் என்று ஒலியை மட்டும் எப்போதும்போல அணைத்தே வைத்திருந்தாள்.

மூன்றில் ஒன்று மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டது. அது போட்ட வளைகோட்டைப் பார்த்து அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்கெல்லாமா அழுவார்கள் என்று கேட்கக் கூடாது, அவள் அழுவாள். இனித் தம்பியும் இதிலேயே எழுதட்டும் என்று முடிவு கட்டினாள். அது அவனுடைய பழைய கணினியில் ஓடாது என்றதும், அதைக் கடையில் போட்டுவிட்டுப் புதிது வாங்கி வந்தாள். தம்பியின் மேசையில் தன் கையாலேயே வைத்தாள்.

"உக்காருடா ராஜா. ராஜ உபசாரம் உனக்கு!"

தம்பி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒரு விசையைத் தட்டினான். தலையைச் சாய்த்துக் காத்திருந்தான். இன்னொன்றைத் தட்டினான்.

"அக்கா, ஒயரு சரியா சொருகலையா?"

அக்கா ஒயரைப் பிடுங்கிச் சொருகினாள். ஒலியைக் கூட்டினாள். பட்டியல் பட்டியலாகத் திறந்து தேடினாள். கடைசியில் அந்த நிறுவனத்தின் வலைத்தளத்தில் கேள்வி பதில் பகுதிக்குப் போனாள். பார்வையற்றவர்களுக்குக் குரல் வசதி இப்போதைக்கு இல்லை, பரிசீலனையில் இருக்கிறது என்று போட்டிருந்தது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவ்வளவும் பார்த்தாள், இதை மட்டும் பார்க்கவில்லை. கடைக்கு ஓடினாள். பழைய கணினியைப் பாகம் பாகமாகக் கழற்றியாகிவிட்டது என்றார்கள். பழைய மென்பொருளைச் செய்த நிறுவனமோ எப்போதோ மூடப்பட்டிருந்தது.

"விடுக்கா. நான் சொல்றேன், நீ அடி. புக்கு முடியட்டும், அப்புறம் பேசுறதா ஒண்ணு பார்த்துக்கலாம்" என்றான் தம்பி. குரலில் வருத்தம் தெரியவில்லை. தெரியாமல் பார்த்துக்கொள்வதில் அவன் கெட்டிக்காரன்.

அக்கா அடித்தாள், இசைத்துக் காட்டினாள், அவன் திருத்தம் சொன்னான். முதல் சில பாட்டுகள் மளமளவென்று முடிந்தன. கடைசிப் பாட்டை மட்டும் அவன் இன்னும் எழுதி முடித்திருக்கவில்லை. அதன் முடிவுக்கு முன்னால் ஓரிடத்தில் அவன் நின்றான்.

"அக்கா, இந்த இடத்துல கீழ்க்குரலை ஒரு படி இறக்கு."

இறக்கினாள். கேட்டான்.

"இல்ல, ஏத்து. அதுக்கும் மேல."

ஏற்றினாள். வளைகோடு கலைந்தது, அதைச் சரிசெய்தாள். வரி அடுத்த பக்கத்துக்கு ஓடியது, அதை இழுத்துப் பிடித்து உட்கார வைத்தாள்.

"இல்ல, பழைய மாதிரியே... இரு, இரு. வேற ஒண்ணு தோணுது."

"என்னன்னு ஒரு முடிவா சொல்லேன்டா! ஒவ்வொரு தடவையும் பக்கம் பூரா கலையுது, நாளைக்கு அனுப்பணும்."

அவன் விரல்கள் மேசையில் விசைகளைத் தேடுவதுபோல அசைந்து நின்றன.

"சரி, அப்படியே இருக்கட்டும். நல்லாத்தான் இருக்கு" என்றான். அக்காவுக்கு அப்பாடா என்றிருந்தது. அன்று முழுக்க அந்தப் பக்கத்தை அழகு பார்த்தாள்.

புத்தகம் வந்தது. பதிப்பாசிரியர் அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கி, "பக்கம் பக்கமா கண்ணுல ஒத்திக்கலாங்க" என்றார். தம்பி தன் பிரதியை விரலால் தடவிப் பார்த்தான். வழவழவென்றிருந்தது. அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது.

வெளியீட்டு நாளில் ஒரு குழு அந்தப் பாட்டுகளைப் பாடியது. கடைசிப் பாட்டின் அந்த இடம் வந்ததும் தம்பியின் முகம் சுண்டிப்போனதை அக்கா பார்த்தாள். எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். அவன் உட்கார்ந்தே இருந்தான்.

"என்னடா ஆச்சு?"

"கீழ்க்குரல் அங்க பாடவே கூடாதுக்கா. சும்மா இருக்கணும். மேல இருக்கறவங்க தனியா முடிக்கணும். இப்பதான் தெரியுது. இதுக்குத்தான் அன்னிக்கு அலைஞ்சிருக்கேன்."

"அன்னிக்கே இன்னும் ரெண்டு தடவை மாத்திப் பார்த்திருக்கலாமேடா. நான்தான் பக்கத்துல இருந்தேனே."

"அதான்க்கா. நீ இருந்தே." அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டான். குரல் மிக மென்மையாக இருந்தது. "டீச்சரம்மாகிட்ட எத்தனை தடவை வேணா தப்பா போடலாம். உன்னை எத்தனை தடவைதான் அழிக்கச் சொல்றது?"

அக்கா மற்றக் கையால் மடியிலிருந்த புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் தேடினாள். அதற்குள் பாடியவர்கள் ஆளுக்கொரு புத்தகத்தோடு அவனிடம் கையெழுத்து வாங்க வந்து நின்றார்கள்.