எந்தக் காது வழியாக?

"நாற்காலியைச் செய்றதுக்கு முன்னாடி அது எங்க இருந்துச்சு, அப்பா?"

சாப்பிடும்போது தச்சரின் ஏழு வயது மகள் கேட்டாள்.

"என் தலைக்குள்ளதான்."

"உள்ள எப்படிப் போச்சு?"

தச்சரின் கவளம் பாதி வழியில் நின்றது. கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுக்கும் அவர் மச்சான் சிரித்தார்.

"இதுக்குத்தான் அத்தான் எங்க ஆளுங்க ரெண்டாயிரம் வருஷமா சண்டை போடறாங்க. எண்ணமெல்லாம் எங்கயோ முழுசா இருக்கு, நாம செய்றது அதோட நிழல்னு ஒரு கட்சி. இல்ல, பொறக்கும்போது மனசு வெறும் பலகை, எல்லாம் கண்ணு காது வழியாத்தான் வருதுன்னு இன்னொரு கட்சி."

"பலகையைப் பத்தி எனக்கே பாடமா?"

"எண்ணம் எப்படியோ போகட்டும், முதல்ல சாப்பாடு உள்ள போகட்டும்" என்றாள் மனைவி.

எல்லாரும் சிரித்தார்கள். தச்சர் மட்டும் 'காது வழியா' என்ற சொல்லையே அசைபோட்டார்.

தச்சர் வேலை பார்க்கும் பட்டறையில் ஒரு வழக்கம். ஆளுக்கொரு அடையாளக் கம்பி உண்டு; புது மாதிரி யாருடைய யோசனையோ, அவருடைய கம்பியைக் காய்ச்சி அதன் பலகையின் பின்புறம் சுடுவார்கள். மூன்று அடையாளம் சேர்ந்தால் புது மாதிரிகள் செய்யும் அறையில் வேலை. அங்கே ஜன்னல் உண்டு, வார்னிஷ் நெடி இல்லை. பாலிஷ் போடும் அக்காவுக்கு இரண்டு அடையாளம் இருந்தது. தீராத இருமலும் இருந்தது.

புதிதாகச் செய்த பள்ளிக்கூட நாற்காலியின் பலகையில் தச்சர் தன் முக்கோணத்தைச் சுட்டிருந்தார். திருட்டு எண்ணம் துளியும் இல்லை. அறுத்ததும் இழைத்ததும் தன் கை என்பதால், யோசனையும் தன்னுடையது என்றே நம்பிவிட்டார்.

எந்தக் காது வழியாக? இடது காதுதான். ஒருநாள் அந்தப் பக்கம் நின்று அக்கா சொன்னாள்: "தம்பி, குறுக்குக் கட்டையைக் கொஞ்சம் பின்னாடி தள்ளுங்க. புள்ளைங்க காலை ஆட்டாம உக்காருமா? குதிகால்ல இடிக்கும்." அவர் தலைநிமிராமல் இழைத்துக்கொண்டிருந்தார். ஆனால் செய்து முடித்த நாற்காலியில் கட்டை பின்னால் போயிருந்தது. மேலே இருப்பவன் நல்ல யோசனையை ஒருவர் வாயில் கொடுத்தனுப்பினால், வாங்கியவன் அது வந்த வழியை மறக்கலாமா?

மறுநாள், முதலாளி பலகைகளைத் திருப்பிப் பார்த்து அடையாளங்களை எண்ணும் நாள். தச்சர் ஒரு மணி நேரம் முன்பே போய்ப் பட்டறையைத் திறந்தார். முக்கோணத்தை இழைத்து எடுத்தார். அக்காவின் வட்டக் கம்பியைக் காய்ச்சி, அதே இடத்தில் ஆற அமர அழுத்தினார். கம்பி ஆறியதும் அவள் ஆணியிலேயே மாட்டினார். முக்கோணம் போன மரச்சுருளைப் பொறுக்கி அடுப்பில் போட்டார். அது குப்பென்று பற்றி அணைந்தது.

பிறகு வாசலைப் பெருக்கத் தொடங்கினார்.