ஒன்றரை ஆள் சைக்கிள்

எங்கள் சைக்கிளுக்கு ‘ஒன்றரை’ என்று பெயர் வாங்கிக் கொடுத்தது வேறு யாரும் இல்லை, என்னைக் கட்டிக்கொண்ட மனிதர்தான். அதுவும் பல்டாக்டரின் வரவேற்பறையில், அத்தனை பேர் முன்னால்.

அது இரட்டைச் சைக்கிள். முன்னால் ஒரு சீட், பின்னால் ஒரு சீட், மொத்தம் நான்கு பெடல். முன்னால் அவர், பின்னால் நான். எல்லாப் பெடலும் சங்கிலியால் ஒன்றோடொன்று கட்டுண்டவை. ஒருவர் மிதித்தால் போதும், மற்றவர் கால் தானாகச் சுற்றும். அதனால் யார் மிதிக்கிறார், யார் ஓசியில் வருகிறார் என்பது வேடிக்கை பார்ப்பவர்களுக்குத் தெரியாது. சீட்டில் இருக்கும் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். அதிலும் ஒருவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து சைக்கிள் ஓட்டும் கூட்டம் எங்களுடையது. பல்டாக்டர் அம்மாதான் தலைவி. ஒருநாள் எல்லோரையும் தன் கிளினிக்கில் உட்காரவைத்து, தண்ணீர்த்தொட்டி மேட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். சலவைக்கடையைத் தாண்டியதும் செங்குத்தாக வளைந்து, தண்ணீர்த்தொட்டி வாசலில் போய் முடியும் தெரு அது. கார்களே அங்கே முக்கி முனகித்தான் ஏறும். அந்த ஒரே மேட்டை நாங்கள் எல்லோரும் ஒரே நாளில் திரும்பத் திரும்ப ஏற வேண்டுமாம். எல்லோருடைய ஏற்றத்தையும் கூட்டினால் உலகத்திலேயே உயரமான மலையின் உயரம் வந்துவிட வேண்டுமாம். வெளிச்சம் வந்ததும் ஆரம்பம், தெருவிளக்கு எரிந்ததும் முடிவு. நடுவில் யாராவது காலைத் தரையில் ஊன்றினால் அந்த ஏற்றம் செல்லாது.

எல்லாம் சரி, இரட்டைச் சைக்கிள் ஒருமுறை ஏறினால் ஒன்றா, இரண்டா என்று எங்கள் கூட்டத்துப் பிளம்பர் கேட்டார். இரண்டு பேர் மிதிப்பதால் இரண்டு என்றார் டாக்டர். அப்போதுதான் நம்ம ஆள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு வாயைத் திறந்தார்.

“நியாயமாப் பார்த்தா ஒண்ணரைன்னு போடுங்க டாக்டர்.”

அறையே சிரித்தது. பல் வலியோடு ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு நோயாளிகூடக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டாக்டரும் ஒன்றரை என்றே முடிவு செய்துவிட்டார். நானும் பல்லைக் காட்டினேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு எரிந்தது.

அவர் பஸ் டிரைவர். முன்சீட்டைத் தவிர உலகத்தில் வேறு சீட் இருப்பதே அவருக்குத் தெரியாது. யாருடைய காரில் ஏறினாலும் வலது கால் தரையில் பிரேக்கைத் தேடிக்கொண்டே வரும். இரட்டைச் சைக்கிள் வாங்கிய அன்றே என் கைப்பிடியில் ஒரு மணியைப் பொருத்திக் கொடுத்தார். நான் இரண்டு தடவை அடித்தால்தான் புறப்படுவார். ஒரு தடவை அடித்தால் நிறுத்திவிடுவார். பஸ்ஸில் கண்டக்டர் மணிக்கு எப்படியோ அப்படியே. மணிக்குக் கொடுக்கும் மரியாதையில் பாதி என் பேச்சுக்குக் கொடுத்திருந்தால் எங்கள் வீட்டில் சண்டையே வந்திருக்காது.

அன்று வீட்டுக்கு வந்ததும் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். சும்மா தமாஷுக்கு என்றார். அப்படியானால் மேடு ஏறும் நாளில் நான் முன்னால் உட்காருகிறேன் என்றேன். பயணிகளோடு பஸ்ஸையே என்னிடம் ஒப்படைக்கச் சொன்னதுபோல் முழித்தார். பிரேக், கியர், பொறுப்பு என்று மூன்று வார்த்தை சொன்னார். பொறுப்பை மட்டும் இரண்டு தடவை சொன்னார். மறுநாள் அவர் சாப்பாட்டு டப்பாவில் ஸ்பூன் வைக்க மறந்துபோனேன். மறதிதான், வேறென்ன.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த அரை முழுசாக வேண்டும். அதுவும் அவர் வாயால்.

அந்த ஞாயிறும் வந்தது. மேட்டின் உச்சியில், தண்ணீர்த்தொட்டி வாசலில், மடக்கு நாற்காலி போட்டு என் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். நடுவர் வேலை அவளுக்கு. இரண்டு கம்பங்களுக்கு நடுவே கொடி கட்டி, ஒவ்வோர் ஏற்றத்துக்கும் துணி மாட்டும் மரக்கிளிப் ஒன்றை அதில் மாட்டுவாள். எங்களுக்கென்று தனி ஏற்பாடு. ஒரு முழுக் கிளிப், கூடவே ஸ்பிரிங்கைக் கழற்றிப் பிளந்த ஒரு பாதி. அந்தப் பாதி கொடியில் எப்படி நிற்கும்? ஒவ்வொரு தடவையும் கீழே விழுந்தது. ஒவ்வொரு தடவையும் “அண்ணி, உங்க அரை விழுந்துடுச்சு” என்று எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். நாத்தனார்களுக்கு இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஏறினோம், இறங்கினோம், ஏறினோம். முதலில் எல்லோரும் பெரிய வீரர்கள் மாதிரி உம்மென்று இருந்தோம். மதியத்துக்குள் அத்தனை பேருக்கும் மறை கழன்றுவிட்டது. பிளம்பர் வழியில் இருந்த ஒவ்வொரு விளக்குக் கம்பத்துக்கும் சல்யூட் அடித்துக்கொண்டே ஏறினார். மூச்சு வாங்க யார் வாயைத் திறந்தாலும் டாக்டர் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்து, கீழ்வரிசையில் ஒரு சொத்தை இருக்கிறது, செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்றார். எனக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பில் விக்கல் வந்து, விக்கலோடு ஓர் ஏற்றம் முழுக்க மிதித்தேன். என்ன கஷ்டம் என்று திரும்பாமலே கேட்டார் இவர். கஷ்டமா? கால் இரண்டும் கெஞ்சின, ஆனால் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

குறை ஒன்றுதான். நான் அந்த மேட்டைப் பார்க்கவே இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் முதுகு. சட்டைத் தையல், காலருக்குக் கீழே ஒரு மச்சம், வேர்வை எந்த இடத்தில் தொடங்கி எப்படிப் பரவும் என்பது எல்லாம் மனப்பாடம். தெருவில் எந்த வீட்டுக்கு என்ன நிறக் கதவு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

சாயங்காலம், வளைவின் செங்குத்தான இடத்தில், எங்களுக்குப் பின்னால் வந்த பிளம்பர் வழி கேட்டு மணி அடித்தார். ஒரே ஒரு தடவை.

இவர் நிறுத்திவிட்டார். இத்தனை வருடப் பழக்கம், மூளையைக் கேட்காமலே கை பிரேக்கைப் பிடித்துவிட்டது. அந்தச் சரிவில் நின்ற சைக்கிள் ஒரு நொடி யோசித்தது, பிறகு இடது பக்கமாக எங்கள் இருவரையும் ஒரு வீட்டுச் செடிவேலிக்குள் சாய்த்தது. உள்ளே குழாயோடு நின்றிருந்த அம்மாள் அதிர்ச்சியில் குழாயைத் திருப்ப மறந்து, எங்களுக்கும் சேர்த்துத் தண்ணீர் பாய்ச்சினார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இவர் ஏன் மணி அடித்தாய் என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அடித்தது தான்தான் என்று பிளம்பர் வந்து சாட்சி சொன்ன பிறகுதான் நம்பினார். எழுந்தபோது அவர் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, நொண்டினார்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உச்சிக்குப் போனால், அங்கே நாத்தனார் எண்ணி முடித்துவிட்டு முகம் வாடி உட்கார்ந்திருந்தாள். இன்னும் இரண்டு வேண்டும். பிளம்பர் தரையில் மல்லாந்துவிட்டார். டாக்டரின் சங்கிலி அறுந்துவிட்டது. மற்றவர்களுக்கு எழுந்து நிற்கவே ஆள் தேவைப்பட்டது. வெயில் இறங்கிவிட்டது, இன்னும் ஓர் ஏற்றத்துக்குத்தான் நேரம். ஓடக்கூடிய நிலையில் இருந்தது எங்கள் சைக்கிள் ஒன்றுதான். அது ஏறினால் ஒன்றரைதான் வரும்.

பாதிக் கிளிப்பைப் பொறுக்கிப் பொறுக்கி மடியில் போட்டவளுக்கு என்மேல் பாசம் பொங்கியது.

“அண்ணி, இந்த ஒரு தடவை உங்களை முழுசாவே எண்ணிக்கலாம். யாரு கேக்கப் போறாங்க?”

டாக்டரும் தலையாட்டினார். தரையில் கிடந்த பிளம்பர் இரண்டு விரலை மட்டும் தூக்கிக் காட்டினார். எனக்கு வந்ததே கோபம்.

“காலையில இருந்து அரையா இருந்தவ, உங்களுக்குத் தேவைன்னதும் முழுசாயிடுவாளா? இப்படிச் செய்யலாம். நான் முன்னாடி, அவர் பின்னாடி. ரெண்டு பேரும் மிதிச்சா ரெண்டு. மிதிக்காதவங்களுக்கு அரையும் கிடையாது, காலும் கிடையாது.”

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் முன்சீட்டைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். வேறு வழியில்லை.

பிரேக்கைப் பிடித்தபடி மெல்லக் கீழே இறங்கி, திருப்பினோம். சீட் உயரத்தை மாற்ற நேரமில்லை. என் சீட்டில் அவர் முழங்கால் நெஞ்சில் இடிக்க மடங்கி உட்கார்ந்தார். அவர் சீட்டில் நான் நுனிக்காலில் பெடலைத் துழாவினேன். பின்னாலிருந்து இரண்டு தடவை மணி அடித்தது. புறப்பட்டேன்.

நான் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டவர்கள் கடை வாசலுக்குப் போய் எதிர்ப்பக்கத்துப் போர்டையெல்லாம் வாய்விட்டுப் படிப்பார்கள். நானும் அந்த மேட்டை அப்படித்தான் படித்தேன். பச்சைக் கதவு. மூன்று சன்னல். சலவைக்கடையில் ஆவி. மாடியில் ஒரு பூனை. எல்லாவற்றையும் கத்திக் கத்திச் சொன்னேன். பின்னாலிருந்து அவரும் கத்தினார். வலது பக்கம் குழி, கியரை மாற்று, அந்தக் காரைப் பார். ஒவ்வொன்றுக்கும் இல்லாத பிரேக்கை அவர் கால் மிதிக்க, என் பெடல் வெட்டி வெட்டி இழுத்தது. வாயை மூடிக்கொண்டு மிதியுங்கள் என்றேன். ஆச்சரியம், மூடிக்கொண்டார். அதன்பிறகு இரண்டு பேரும் சேர்ந்து மிதித்தோம். சைக்கிள் சொன்ன பேச்சைக் கேட்டு ஏறியது.

வளைவில், எங்களைக் கவிழ்த்த அதே செங்குத்தில், சைக்கிள் திடீரென்று கனத்தது. யாரோ பின்னால் இன்னொரு ஆளை ஏற்றிவிட்டதுபோல் இருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது.

“கால் பிடிச்சுக்கிச்சு,” என்றார் காதுக்கு அருகே, மெல்ல. “மிதிக்க முடியல. இறங்கிடவா?”

அவர் கால் தரையில் பட்டால் எல்லாம் போச்சு. இறங்கினால் தொலைத்துவிடுவேன், சும்மா உட்காருங்கள் என்றேன். உட்கார்ந்தார். அவர் எடையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. வருடக்கணக்கில் உட்கார்ந்தே வேலை பார்ப்பவர், நன்றாகச் சாப்பிடுபவர். முழு உடம்பையும் பெடலில் போட்டேன். ஒரு மிதிக்கு ஒரு முழம் நகர்ந்தது. கண் இருட்டியது, காது அடைத்தது, அப்போது பார்த்து எனக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது. அரை ஆள் ஒருத்தி ஒரு முழு ஆளைச் சுமந்துகொண்டு மலை ஏறுகிறாள். சிரிக்காதே, விழுந்துவிடுவோம் என்றார் பின்னாலிருந்து, அவரும் சிரித்துக்கொண்டே. இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து, ஆடி ஆடி, தண்ணீர்த்தொட்டி வாசலைத் தொட்டோம். யார் காலும் தரையில் படவில்லை.

பிறகுதான் கூச்சல். டாக்டர் குதித்தார். பிளம்பர் எப்படித்தான் எழுந்தாரோ, எழுந்து நின்று கைதட்டினார். நாத்தனார் இரண்டு முழுக் கிளிப்புகளோடு கொடியை நோக்கி ஓடினாள். தெருவிளக்கு இன்னும் எரியவில்லை. நாங்கள் ஜெயித்துவிட்டோம்.

வளைவில் என்ன நடந்தது என்று எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். சத்தியமாக நான் சொல்லியிருக்க மாட்டேன். அத்தனை முகங்களில் அத்தனை மகிழ்ச்சி. என் அரை முழுசானது என் மனசுக்குத் தெரிந்தால் போதும் என்றுகூட அந்த நேரத்தில் தோன்றியது.

அவர் இறங்கி, சீட்டைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார்.

“ஒண்ணு மட்டும் மாட்டு,” என்றார் தங்கையிடம்.

“என்னண்ணா?”

“வளைவுக்கு மேல நான் மிதிக்கல. சும்மாதான் உக்காந்திருந்தேன். மொத்தத்தையும் அவதான் இழுத்துட்டு வந்தா, என்னையும் சேர்த்து. ஒண்ணு மாட்டு. அது அவளோடது.”

கைதட்டல் நின்றுவிட்டது. அப்படியானால் ஒன்று குறைகிறதே டிரைவர் சார் என்றார் டாக்டர், ஏதாவது மாற்றிச் சொல்ல மாட்டாரா என்ற ஆசையோடு. தெரியும் என்றார் இவர்.

நாத்தனார் அண்ணனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு கிளிப்பைப் பையில் போட்டாள். மற்றதைக் கொடியில் மாட்டி, அது நிற்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள். அந்த நேரம் தெருவிளக்கு எரிந்தது. பிளம்பர் பழக்கதோஷத்தில் அதற்கு ஒரு சல்யூட் அடித்தார். முதலில் சிரித்தது டாக்டர். பிறகு எல்லோரும். உலகத்திலேயே உயரமான மலைக்கு ஒரு தெரு உயரம் குறைவாக நின்றுகொண்டு, தோற்றுப்போன அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். நான் மட்டும் நடுவில் கொஞ்சம் அழுதேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

வீட்டுக்குக் கிளம்பும்போது பழக்கத்தில் பின்சீட்டுக்குப் போனேன். அங்கே அவர் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தார்.

“நீ முன்னாடி போ,” என்றார். “நான் கண்ணை மூடிக்கறேன். திறந்திருந்தா அதைப் பாரு இதைப் பாருன்னு சொல்லிக்கிட்டே வருவேன்.”

திரும்பிப் பார்த்தேன். உண்மையிலேயே இறுக மூடியிருந்தார். பிரேக்கிலிருந்து விரலை எடுத்தேன். தெரு முழுக்க நான் கத்திக்கொண்டே இறங்கினேன். அவரும் பின்னாலிருந்து கத்திக்கொண்டுதான் வந்தார், ஆனால் நிறுத்து என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.