பூனை அத்தைக்கு உடம்பு சரியில்லை

பூனை அத்தைக்குப் பிள்ளைகள் என்றால் உயிர் என்று அந்தப் பெயரில் வரும் ஒவ்வொரு சிறுவர் கதைப் புத்தகத்தின் பின்னட்டையிலும் போட்டிருக்கும். பக்கத்தில் கண்ணாடி அணிந்த ஓர் அம்மாளின் படம். அது பதிப்பக முதலாளியின் காலஞ்சென்ற மாமியார். அந்த அம்மாளுக்குப் பிள்ளைகளும் ஆகாது, பூனையும் ஆகாது. அவர் ஒரு வரிகூட எழுதியதில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பெயரில் எழுதியவர்கள் மூன்று பேர். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற தபால்காரர், முதலாளியின் கொழுந்தியாள், அப்புறம் நம் கதையின் நாயகரான இலக்கிய விமர்சகர். ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கக் கூடாது என்பது முதலாளி போட்ட சட்டம். படித்தால் யார் எழுதியது உசத்தி என்று சண்டை வருமாம். கதைகளில் வரும் பூனை வெள்ளை, ஒரு காது கிழிந்தது, மழை என்றால் நடுங்கும், கடைசிப் பக்கத்தில் தூங்கிவிட வேண்டும். மூவருக்கும் தெரிந்தது இவ்வளவுதான். விமர்சகருக்கு அந்தச் சட்டம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. பூனை அத்தையாக எழுதியபோது, தான் எழுதியதையே அவர் திரும்பிப் பார்த்ததில்லை.

சொந்தப் பெயரில் கனமான கட்டுரைகள் எழுதினார். அவற்றை அவருடைய நண்பர்கள் படித்தார்கள், அல்லது படித்ததாகச் சொன்னார்கள். பூனை அத்தையை ஊரே படித்தது. அவர் மகளும் படித்தாள். அத்தை யார் என்பது மனைவிக்குத் தெரியும், மகளுக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் வீட்டுக்கு வந்தார்கள். நாற்காலியில் உட்காரப் போன ஒருவர், அடியில் ஏதோ உறுத்த, எடுத்துப் பார்த்தார். பூனை அத்தை.

"என்ன சார், இந்தம்மா உங்க வீட்டுக்குள்ளயும் வந்துட்டாங்களா?"

குட்டு வெளிப்பட்டுவிடுமோ என்ற பயத்தில் விமர்சகரின் நாக்கு தேவைக்கு மேல் நீண்டது.

"எழுதறவங்களுக்கு மூளை இருக்கான்னு கேக்காதீங்க. இதைப் போய் ரசிச்சுப் படிக்கறவங்களுக்கு இருக்கான்னு கேளுங்க!"

சிரிப்பு அடங்கிய பிறகுதான், தண்ணீர்த் தட்டும் கையுமாக மகள் கதவருகே நிற்பது தெரிந்தது. தட்டை மேசைமேல் வைத்தாள். புத்தகத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் பழைய பேப்பர் குவியலோடு பூனை அத்தை மொத்தமும் கயிறு போட்டுக் கட்டிக் கிடந்தது.

"ஊரை ஏமாத்துங்க, நான் வேண்டாங்கல," என்றாள் மனைவி. "பெத்த பொண்ணை முட்டாளாக்கிட்டு எப்படி உங்களுக்குக் காபி இறங்குது?"

இறங்கவில்லை. கட்டருகே இருந்த மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"பாப்பா, யார்கிட்டயும் சொல்லாத. பூனை அத்தை வேற யாரும் இல்ல. அப்பாதான்."

மகள் அவர் மீசையைப் பார்த்தாள். பின்னட்டைப் படத்தைப் பார்த்தாள். மறுபடி மீசையைப் பார்த்தாள்.

"சரி. பூனை ஆத்துல விழுந்தப்போ யாரு காப்பாத்தினா?"

அது தபால்காரர் எழுதியதாக இருக்க வேண்டும்.

"மீன்காரர்?"

"ஆமை. காது எப்படிக் கிழிஞ்சுது?"

"அது... பொறக்கும்போதே."

"கதவிடுக்குல மாட்டி! இது தெரியாதவங்க எங்க கிளாஸ்லயே கிடையாது." அவள் குரல் உடைந்தது. "அத்தையைத் திட்டினீங்க. சிரிச்சீங்க. இப்போ அவங்க கதையும் உங்களுதுன்னு சொல்றீங்களாப்பா?"

விமர்சகருக்குக் காது மடல் சுட்டது. கையை எங்காவது வைக்க வேண்டுமே என்று கட்டின் முடிச்சுகளை அவிழ்க்கத் தொடங்கினார். தான் எழுதிய புத்தகம் கண்ணில் பட்டது.

"இது எனக்குத் தெரியும்! பலூன்ல போற கதை. பள்ளிக்கூடத்து மாடியில இறங்கும்."

"அது ஒண்ணுதான் நல்லாவே இருக்காது," என்றாள் மகள். "மழையில நல்லா நனையும், பயப்படவே பயப்படாது. அது வேற ஏதோ பூனை." கொஞ்சம் யோசித்தாள். அத்தையை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "பாவம், அத்தைக்கு அப்போ உடம்பு சரியில்லாம இருந்திருக்கும்."

"இருந்திருக்கும்," என்றார் விமர்சகர். தலை நிமிரவில்லை. கடைசி முடிச்சும் அவிழ்ந்தது. "அந்த ஆமைக் கதையைப் படிச்சுக் காட்டறியா? நான் படிச்சதில்ல."

"சிரிப்பீங்க."

"மாட்டேன்."

மகள் ஆமைப் புத்தகத்தைத் தேடி எடுத்தாள். அதை அவர் கையில் தரவில்லை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, நெஞ்சோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமை பேசறப்போ மட்டும் சிரிக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் படிக்கத் தொடங்கினாள்.