முனையில் ஏறும் சுவர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பிரிக்பீல்ட்ஸில் புடவைக் கடை மாடியில் இருக்கும் என் அலுவலகத்துக்குப் புதிதாக வருகிறவர்களிடம், எஞ்சினியர் சிவேந்திரன் என்ற பெயருக்கு முன்பே இதைத்தான் சொல்லி வைப்பார்கள்.

அன்று காலை கிள்ளானிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. நான் கணக்குப் போட்டுக் கொடுத்த டியூஷன் சென்டர் கட்டடம். மாடிப்படி ஓரத்தில், தூணிலிருந்து இரண்டு மீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பீம். அதன் மேல்பக்கத்தில், தூணை ஒட்டி, விரிசல். மேலே போட வேண்டிய கம்பியைக் கீழே போட்டுக் கான்கிரீட் ஊற்றிவிட்டார்கள், வேறென்ன? எத்தனை சைட்டில் பார்த்திருக்கிறேன் இந்த முட்டாள்தனத்தை.

காரை எடுத்துக்கொண்டு நேரே போனேன். சைட் சூப்பர்வைசர் தாமரையை வாயைத் திறக்க விடவில்லை. எட்டுத் தொழிலாளிகள் சுற்றி நிற்க, காண்ட்ராக்டர் சுகுமாறனை அழைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"கம்பி மேலயா கீழயான்னு தெரியாத ஆளையா சைட்டுக்கு வைப்பீங்க?"

நாளைக்கே வேறு ஆள் அனுப்புவதாகச் சொன்னார் சுகுமாறன். தாமரையின் முகம் சிவந்துவிட்டது. தன் கைப்பேசியை நீட்டினாள். கான்கிரீட் ஊற்றும் முன் எடுத்த படம். கம்பிகள் மேலேதான் இருந்தன, என் வரைபடத்தில் இருந்தபடியே ஆறு, பக்கத்தில் அளவு டேப் வேறு.

எனக்கு இன்னும் ஆத்திரம் ஏறியது. சிமெண்டு மூட்டைமேல் மடிக்கணினியைத் திறந்து என் கணக்கை எடுத்தேன். அந்தப் பீமின் வெளிப்பாதியில் மட்டும்தான் சுவர். நடுவில் ஒன்றுமில்லாமல் தொடங்கி, முனையில் ஆளின் நெஞ்சுயரம் ஏறி நிற்கும். பாரத்தையும் மென்பொருளில் அப்படியே கொடுத்திருந்தேன்: ஒரு மீட்டரில் பூஜ்யம், இரண்டாவது மீட்டரில் முழுப்பாரம். எண்ணில் ஒரு பிழையும் இல்லை. பாரப் படத்தை வரவழைத்து, பார்த்துக்கொள் என்று திரையை அவள் பக்கம் திருப்பினேன்.

"சார், செவரு முனைப் பக்கம்தானே ஏறுது? உங்க படத்துல தூண் பக்கம் ஏறுதே."

திரையில் முக்கோணம் தூணை ஒட்டிக் கொழுத்து நின்றது. பீமுக்கான கோட்டை எங்கே வரையத் தொடங்குகிறோமோ அங்கிருந்துதான் மென்பொருள் தூரத்தை அளக்கும். நான் முனையிலிருந்து தூணுக்கு வரைந்துவிட்டு, தூணிலிருந்து அளந்த தூரங்களைத் தட்டியிருக்கிறேன். உண்மையில் அந்தச் சுவர் பீமை வளைப்பது என் கணக்கைப்போல் ஐந்து மடங்கு.

மென்பொருளை மனதுக்குள் திட்டிப் பார்த்தேன். ஆறவில்லை. பீமுக்கு அடியில் இரண்டு இரும்பு முட்டுக் கொடுத்திருந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது. விரிசலைக் கண்டதுமே அவள் செய்த வேலை. நான் கத்திக்கொண்டே வந்ததில் அதைக் கூடப் பார்க்கவில்லை.

சுவரை இன்றே இறக்கிவிடுங்கள், சுகுமாறனுக்குப் பிறகு ஒரு கடிதம் எழுதிவிடுகிறேன் என்று மெதுவாகச் சொன்னேன்.

"திட்டுனது ஸ்பீக்கர்ல, சார்." என் கைப்பேசியைக் காட்டினாள். "இதையும் ஸ்பீக்கர்லயே சொல்லுங்க."

தொழிலாளிகள் கைவேலையை நிறுத்திவிட்டார்கள். அழைத்து ஸ்பீக்கரில் போட்டேன். வேறு ஆள் தயார் என்றார் சுகுமாறன்.

"வேணாம்," என்றேன். "தப்பு என்னோடது."

"சத்தமா, சார்," என்றாள் தாமரை.