இரண்டாவது வால்

ஸ்ரீவில்லிபுத்தூரில் காசிராஜன் ஸ்டூடியோ மாடியில் என் மனைவி ஞானபாக்கியம் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். பெண் என்பதால் வேலை வாங்குகிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துப் போட்டோகிராபர்களெல்லாம் அங்கே கூடுவோம். யார் படம் சுவரில் மாட்டப்படுகிறதோ அவரே எல்லோருக்கும் டீ ஊற்ற வேண்டும். படத்தில் உள்ள நிறைகுறையை மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. கையில் கெட்டில் இருந்தால் சண்டைக்குப் போக மாட்டார்கள் என்று யாரோ வைத்த சட்டம். நான் ஊற்றிய நாட்களில் பாதி டீ தரைக்குத்தான் போயிருக்கிறது. பாக்கியம் ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

அன்று மாட்டியிருந்தது அவள் எடுத்த முதல் படம். ராஜபாளையத்தில் எங்கள் ஸ்டூடியோவில் படம் எடுப்பது நான், பிரிண்டில் மை தொட்டுக் குறை மறைக்கும் டச்சிங் செய்வது அவள். மாப்பிள்ளை முகத்து அம்மைத் தழும்பு, பிலிமில் தூசி ஒட்டியதால் விழும் வெள்ளைப் புள்ளி, எல்லாம் அவள் பிரஷ் பட்டால் இருந்த இடம் தெரியாது. நுனியை நாக்கில் தொட்டுக் கூராக்கிக்கொள்வாள். நாக்கில் எப்போதும் ஒரு கருப்புப் பொட்டு இருக்கும். பெயர் மட்டும் எனக்கு. "தவசிமுத்து படம் பிடிச்சா கல்லும் சிரிக்கும்" என்பார்கள். நானும் மறுத்ததில்லை.

அந்தத் தொண்ணூற்றேழு ஏப்ரலில் மலைக்கு மேலே வால்நட்சத்திரம் வந்து நின்றது. பொழுது சாய்ந்ததும் ஊரே தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்தது. நான் ஒரு சடங்கு வீட்டில் படம் எடுக்கப் போய் மாட்டிக்கொண்டிருந்தேன். அவள் பழைய கேமராவையும் ஸ்டாண்டையும் தூக்கிக்கொண்டு ஊருக்குக் கிழக்கே கண்மாய்க் கரைக்குப் போய் எடுத்துவிட்டு வந்தாள். கழுவி பிரிண்ட் போட்டபோது படம் மனசை அள்ளிக்கொண்டு போனது. ஒரே ஒரு குறை. வாலுக்குப் பக்கத்தில் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு.

"பிலிமைச் சுத்தும்போது கீறிட்டேன் போல" என்றாள். நானும் ஆமாம் என்றேன். இத்தனை வருட அனுபவம்! ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து, பிரிண்டின் மேல் மை தொட்டு அந்தக் கோட்டை வானத்தோடு வானமாகக் கரைத்துவிட்டாள். எங்கள் ஆண்டுக் கண்காட்சிக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் படம் தேர்ந்தெடுப்பதாக இருந்தது. "தேறிச்சுன்னா கீழ எம் பேரப் போடணும்" என்று மட்டும் கேட்டிருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

முதலில் சங்கிலிப்பாண்டி பேசினான். தளவாய்புரத்தில் கடை வைத்திருப்பவன், யாரையும் லேசில் விட மாட்டான். "மலையை ரொம்பக் கருக்கிட்டிய மதினி. பனைமரமும் மலையும் ஒண்ணா அப்பிக் கெடக்கு. பிரிண்ட் போடும்போது கீழ கைய வச்சு வெளிச்சத்தச் செத்த மறைச்சிருக்கலாம்லா?" நியாயம்தான். பாக்கியம் தலையாட்டிக்கொண்டே அவன் டம்ளரை நிரப்பினாள்.

அடுத்து காசிராஜன் எழுந்தான். தான் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்தான். மலை சாய்ந்திருந்தது, மூலையில் பஸ் லைட் வேறு அடித்திருந்தது. "என் படம் குப்பை, சிரிக்காதிய. ஆனா வாலப் பாருங்க. ரெண்டு இருக்கு. ஒண்ணு அகலமா வளைஞ்சு போகுது. இன்னொண்ணு நேரா, ஊசி கணக்கா. பேப்பர்லயும் ரெண்டு வாலுன்னுதான் போட்டிருந்தான். மதினி படத்துல அந்த எடம் வெறிச்சுன்னு கெடக்கே?"

கீறல் என்று நாங்கள் அழித்த இடம் அது. பாக்கியத்தின் கையில் கெட்டில் அப்படியே நின்றது. காசிராஜன் பூதக்கண்ணாடியை வைத்து அங்குலம் அங்குலமாகத் தேடினான். சங்கிலிப்பாண்டியும் வாங்கிப் பார்த்தான். ஒன்றும் சிக்கவில்லை. "டச்சிங் மாதிரியும் தெரியல" என்றான் காசிராஜன். "பழைய கேமரால்லா, லென்சு புடிக்கலையோ என்னவோ. அது மதினி தப்பு இல்ல. படத்த எடுத்துக்கிடலாம்னுதான் எனக்குத் தோணுது."

அப்பாடா என்றிருந்தது எனக்கு. அவள் பேசாமல் இருந்தால் போதும். சட்டமே அதைத்தானே சொல்கிறது?

அவள் கெட்டிலைக் கீழே வைத்தாள்.

"கேமரா புடிச்சது. நல்லாவே புடிச்சது. கீறல்னு நெனச்சு நான்தான் அழிச்சேன்."

காசிராஜன் கண்ணாடியை மறுபடி எடுத்தான். "எந்த எடத்துல மதினி?"

"அம்புட்டு நேரம் பாத்தியளே, தெரியலையா?" அவள் முகத்தில் கலக்கம் இருந்தது. அதற்கு மேலே, ஒளிக்கத் தெரியாமல், ஒரு பெருமையும் இருந்தது. "ஒரு ட்ரேயில தண்ணி கொண்டாங்க."

"ஏட்டி, பேசாம இரு. படம் வீணாப் போயிரும்" என்றேன்.

"நெகட்டிவ் வீட்டுல கெடக்கு, வேற பிரிண்ட் போட்டுக்கிடலாம். ஆனா நான் என்ன புடிச்சேன்னு இவிய இப்பவே பாக்கணும்."

டார்க் ரூம் ட்ரே வந்தது. அவளே சுவரிலிருந்து படத்தைக் கழற்றி, தண்ணீரில் முக்கி, விரல் நுனியால் லேசாகத் தடவினாள். மை மெல்லக் கிளம்பிக் கரைந்தது. முதலில் ஒரு துண்டு, பிறகு இன்னொரு துண்டு, பிறகு முழுக் கோடும் வெளியே வந்தது. காசிராஜன் படத்தில் மங்கலாக இருந்தது இவளுடையதில் அவ்வளவு துல்லியமாக இருந்தது. சங்கிலிப்பாண்டி ட்ரேயின் மேல் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. நான் கட்டியவள் என்று ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும் போலிருந்தது எனக்கு.

அவள் படத்தை எடுத்து உதறி, அதே இடத்தில் கிளிப் போட்டு மாட்டினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கெட்டிலைத் தூக்கினாள்.

"இப்பத்தான் படம் மாட்டியிருக்கு. மொதல்ல இருந்து சொல்லுங்க" என்றாள். பிறகு சட்டப்படி வாயை மூடிக்கொண்டு ஊற்றத் தொடங்கினாள். யாரும் டம்ளரைப் பார்க்கவில்லை. சுவரில் அந்த நேர்வாலின் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் திரண்டு, விழாமல் நின்றது.