இடது கை ரேகை

பூந்தமல்லியை அடுத்த சென்னீர்குப்பத்தில் ஞானசௌந்தரியின் வண்டியைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் குறைவு. ஏலத்தில் வந்த பழைய மெட்டடார் வேன் அது. அவள் புருஷன் டேவிட் எட்டு மாதம் ஞாயிறுதோறும் தட்டிக்கொட்டி, மூன்று பேர் படுக்கப் பலகை போட்டு, பின்பக்கம் மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்கு ஒரு மேடை கட்டி, கூரைமேல் தண்ணீர் டிரம் ஏற்றி, அதை வீடாக்கியிருந்தான். ஆனால் ஓட்டுவது சௌந்தரிதான். டேவிட்டின் வலது கையில் நான்கு விரல்களை அம்பத்தூரில் ஒரு பிரஸ் மெஷின் எடுத்துக்கொண்டுவிட்டது. ஸ்டியரிங் பிடிக்க அந்தக் கை உதவாது.

தொண்ணூற்று நான்கு டிசம்பரில் கோவாவில் புனித சவேரியாரின் திருவுடலைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். போய் வருவதென்று சௌந்தரி முடிவு செய்தாள். டேவிட்டின் அண்ணன் வேதமுத்து வாசலில் வந்து நின்றார்.

“பொம்பள ஓட்டிக்கினு கோவா வரிக்கும் போறதா? நடுவுல நின்னுபூட்ச்சுன்னா இன்னா பண்ணுவ?”

“நின்னா நின்ன எடத்துலயே இருப்போம் மாமா. ஊட்டையே தூக்கிக்கினுதான போறோம்” என்றாள் சௌந்தரி. பன்னிரண்டு வயது மகள் சகாயமேரி ஜன்னல் வழியே பெரியப்பாவுக்கு டாட்டா காட்டினாள்.

மூன்றாம் நாள் மதியம், சித்ரதுர்க்காவைத் தாண்டி வெகுதூரம் போன பிறகு, வண்டி நின்றேவிட்டது. பின்சக்கரத்துக்கு மேலே பாரம் தாங்குகிற கமான் பட்டை இரண்டாக முறிந்திருந்தது. கெம்புகுட்டா என்கிற சுரங்க ஊர் அது. இரும்புக்கல் வெட்டுகிற இடம். மரம், கூரை, நாய், காயப்போட்ட துணி எல்லாமே செம்மண் நிறத்தில் இருந்தன. கல் ஏற்றிய லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தன. ஊரின் ஒரே மெக்கானிக் சுலைமான் வாணியம்பாடிக்காரர். வண்டிக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

“பட்டை ஹொஸபேட்டையிலருந்து வரணும்மா. சாயங்காலம் லாரிக்காரன்கிட்ட சொல்லி எடுத்தாரேன். காலையில மாட்டிடலாம். அதுவரைக்கும் லைன் பக்கமா நிறுத்திக்குங்க. தமிழாளுங்கதான் இருக்காங்க.”

லைன் என்பது கல்லுடைக்கிறவர்களின் தகரக் கொட்டகைகள். பாதிப் பேர் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். பெண்கள் வண்டியைச் சுற்றி வந்து, படுக்கையைத் தொட்டுப் பார்த்து, ஸ்டவ்வைத் திருகிப் பார்த்து, “நீயா ஓட்டியாந்த?” என்று நான்கு முறை கேட்டார்கள். ஒருத்தி மட்டும் கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். வலது கை முழங்கைக்குக் கீழே அழுக்குத்துணியில் சுற்றியிருந்தது. முப்பது வயதுகூட இருக்காது. பொன்னியம்மா என்றார்கள்.

சௌந்தரி டீ போட்டு எடுத்துக்கொண்டு அவளிடம் போனாள்.

“இன்னா ஆச்சு கைக்கு?”

“கல்லு நொறுக்கற கிரஷர் பெல்ட்டுல மாட்டிக்கிச்சுக்கா. பத்து நாளாச்சு. கம்பவுண்டர் வந்து கட்டுனாரு. மணிக்கட்டோட போச்சு.”

“ஆஸ்பத்திரிக்கு கூட்டிகினு போவலியா?”

“போனா எப்படி ஆச்சுன்னு எழுதிடுவாங்களாம். நாளைக்குக் காலையில மேஸ்திரி காயிதம் எடுத்தாராராம். ஊட்டுல வெறகு பொளக்கறப்ப பட்டுச்சுன்னு ரேகை வெக்கணுமாம். வெச்சா ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போவாங்களாம். இல்லன்னா லைனை வுட்டுப் போயிடணுமாம்.”

“எந்தக் கையில ரேகை வெப்ப?”

பொன்னியம்மா ஒன்றும் புரியாமல் இடது கையைத் தூக்கிக் காட்டினாள். சௌந்தரிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வலது கையைத் தின்றுவிட்டு இடது கையின் ரேகையைக் கேட்கிறார்கள்.

டேவிட் அதிகம் பேசுகிறவன் இல்லை. அன்று அவனாகவே வந்து பொன்னியம்மா எதிரில் குந்தினான். தன் வலது கையை அவள் முன்னால் விரித்தான்.

“நானும் போட்டேன்மா கையெழுத்து, எடது கையால. குடிச்சிட்டு மெஷின்ல கைய வெச்சேன்னு எழுதியிருந்தான். நான் ஜென்மத்துல குடிச்சது இல்ல. வலியில இன்னா எழுதிகீதுன்னே படிக்கல. நீ வெக்காத.”

பக்கத்தில் நின்ற சகாயமேரி அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். இந்தக் கதையை அவளும் அன்றுதான் கேட்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சுலைமான் பட்டையை மாட்டி முடித்தார். “காசு அப்புறம் பேசிக்கலாம், முதல்ல கெளம்புங்க” என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். ரேகை வைக்காமல் பொன்னியம்மா இவர்களோடு ஹொஸபேட்டை ஆஸ்பத்திரிக்குப் போவதென்று இரவே முடிவானது அவருக்குத் தெரிந்திருந்தது. சௌந்தரி பொன்னியம்மாவைக் கீழ்ப்பலகையில் படுக்க வைத்தாள். அவள் உடம்பு காய்ச்சலில் கொதித்தது.

ஊரிலிருந்து ஹொஸபேட்டைப் பக்கம் போக ஒரே ரோடு. அதன் கடைசியில் காண்டிராக்டரின் செக்போஸ்ட், குறுக்கே ஒரு சங்கிலி. மேஸ்திரி அப்பாவு கையில் காகிதத்தோடு அங்கே நின்றிருந்தார். எட்டிப் பார்த்து உள்ளே படுத்திருப்பது யாரென்று தெரிந்துகொண்டார்.

“நீங்க போலாம்மா. அந்தப் பொண்ண எறக்கி வுட்டுட்டுப் போங்க.”

“ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறேன்.”

“கம்பெனி ஆளு அவ. நாங்க பாத்துக்குவோம்.”

“கம்பெனி ஆளா? அப்போ அத எழுதிக் குடு. கம்பெனி ஆளு, கம்பெனி மெஷின்ல கை பூட்ச்சுன்னு எழுதி நீ கையெழுத்து போடு. இப்பவே எறக்கி வுடறேன்.”

மேஸ்திரியின் முகம் கறுத்தது. “சங்கிலி எறங்காது. உன்னால ஆனதப் பாத்துக்க” என்று சொல்லிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

சங்கிலியை இடித்துக்கொண்டு போகலாம் என்று சௌந்தரிக்கு ஒரு கணம் தோன்றியது. பின்னால் கண்ணாடியில் இரண்டு கல் லாரிகள் வந்து நிற்பது தெரிந்தது. மூன்றாவதும் வந்தது. அவள் வண்டியை ரிவர்ஸ் எடுத்து, வளைத்து, ரோட்டுக்குக் குறுக்காக நிறுத்தினாள். சாவியைப் பிடுங்கி ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டாள்.

“மேரிப்பா, ஸ்டவ்வ எறக்கு. மேரி, அரிசி களைஞ்சு எடுத்தா.”

டேவிட் இடது கையாலேயே ஸ்டவ்வை இறக்கி வைத்தான். செக்போஸ்ட்டுக்கு நேர் எதிரே, ரோட்டின் நடுவில் ஸ்டவ் எரியத் தொடங்கியது. சௌந்தரி முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு உட்கார்ந்து வெங்காயம் அரிந்தாள்.

“இன்னாம்மா பண்ற?” அப்பாவு எழுந்து ஓடிவந்தார்.

“பாத்தா தெரியல? சோறு ஆக்கறேன். நீ சங்கிலி எறங்காதுன்ன. எங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்ல, ஊடு எங்ககூடவே கீது. பொங்கல் வரிக்கும்கூட இருப்போம். நீயும் துன்றதுன்னா தட்டு எடுத்தா.”

பின்னால் லாரிகள் பத்தாயின, இருபதாயின. டிரைவர்கள் ஹாரனை அமுக்கினார்கள். துறைமுகத்துக்குப் போகிற சரக்கு. நேரத்துக்குப் போகாவிட்டால் அவர்களுக்கு அன்றைய நடைக் கூலி போய்விடும். நான்கைந்து டிரைவர்கள் இறங்கி நடந்து வந்தார்கள். முதலில் சௌந்தரியைத்தான் திட்டினார்கள். அவள் எழுந்து வண்டிக் கதவைத் திறந்துவிட்டாள். பொன்னியம்மா படுத்திருந்தாள். அந்தத் துணியிலிருந்து வந்த வாடை போதுமானதாக இருந்தது. அதன் பிறகு அவர்கள் கன்னடத்திலும் தெலுங்கிலும் திட்டியதெல்லாம் அப்பாவுவைத்தான். லைனிலிருந்து பெண்களும் கல்லுடைக்கிற சுத்தியலோடு வந்து ரோட்டோரம் நின்றார்கள்.

குழம்பு கொதிக்கும்போது சங்கிலி கீழே விழுகிற சத்தம் கேட்டது. சௌந்தரி எழுந்திருக்கவில்லை. தாளித்துக் கொட்டி, ஸ்டவ்வை அணைத்து, பாத்திரத்தை மூடி, நிதானமாக வண்டியில் ஏற்றினாள்.

ஹொஸபேட்டை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கட்டைப் பிரித்ததும் மூக்கைச் சுளித்தார். எப்படி ஆயிற்று என்று கேட்டார். சௌந்தரி சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பொன்னியம்மா எழுந்து உட்கார்ந்து, ஆறு வருஷமாக அந்த ஊரில் கற்ற கன்னடத்தில், கிரஷர், பெல்ட், தேதி, மேஸ்திரி பெயர் எல்லாவற்றையும் வார்டே கேட்கும்படி சொன்னாள். டாக்டரம்மா ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டு போலீசுக்கும் ஆள் அனுப்பினார்.

ஐந்து நாள் அந்த ஆஸ்பத்திரி வாசலிலேயே வண்டி நின்றது. மேரியின் பள்ளிக்கூட லீவு தீர்ந்துபோனது. சவேரியாரைப் பார்க்காமலேயே திரும்பினார்கள்.

நஷ்டஈட்டு வழக்கு மூன்று வருஷம் நடந்தது. பொன்னியம்மா தங்களிடம் வேலையே பார்க்கவில்லை என்றது காண்டிராக்டர் தரப்பு. சௌந்தரி இரண்டு முறை ஹொஸபேட்டைக்குப் பஸ் ஏறிப் போய்ச் சாட்சி சொன்னாள். இரண்டாவது முறை, தமிழ் தெரிந்த எதிர்த்தரப்பு வக்கீல் மூக்குக்கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார்.

“ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கே. இவ உனக்கு என்ன உறவு?”

“ஒறவு இன்னா ஒறவு? ஒண்ணும் கெடையாது” என்றாள் சௌந்தரி. “கண்ணால பாத்தேன், வந்தேன். எத்தினி தபா கூப்ட்டாலும் வருவேன். எழுதிக்குங்க.”

தீர்ப்பு பொன்னியம்மாவின் பக்கம் வந்தது.